நன்றிப் பக்கம் இல்லாத கோப்பைகள்

மேலூர் சாலையில் ஒத்தக்கடையைக் கடக்கிறவர்கள் ஜூன் மாதத்தில் யானைமலையைப் பார்ப்பதற்கு முன்பு பதாகைகளைப் பார்த்தாக வேண்டும். பள்ளிச் சேர்க்கைக் காலம். பத்தாம் வகுப்பில் முதலிடம், பன்னிரண்டாம் வகுப்பில் முதலிடம், நீட் தேர்ச்சி என்ற வழக்கமான முகங்களுக்கு நடுவே சில ஆண்டுகளாக இன்னொரு வகைப் படமும் இடம்பிடித்திருக்கிறது. ஒரே நிறச் சீருடையில் கால்பந்து அணி, நடுவில் கோப்பை, ஓரத்தில் கைகட்டி நிற்கும் தாளாளர். கீழே, 'எமது பள்ளியின் சாதனைச் செல்வங்கள்'.

இந்த வாசகத்தில் உள்ள 'எமது' என்ற ஒற்றைச் சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

அப்படியொரு பதாகைக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எங்களோடு ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருந்தார். அரசுப் பள்ளியில் பகுதிநேர வேலை. படத்திலிருந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணினார். நான்கு பேர் அவரிடம் பந்து பழகியவர்கள். ஆறாம் வகுப்பில் வெறுங்காலோடு வந்தவர்களை எட்டாம் வகுப்புக்குள் மாவட்ட அளவு வரை கொண்டுபோயிருந்தார். அதன் பிறகு ஒரு கோடை விடுமுறை, ஒரு மாற்றுச் சான்றிதழ். அவ்வளவுதான். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். "நல்லா இருக்கட்டும் சார். கால்ல ஷூ போட்டிருக்காங்க, பாருங்க" என்றார்.

அவருடைய பெருந்தன்மை அவருடையது. நமக்கு அது வாய்க்கவில்லை. ஆகவே இதை எழுதுகிறோம்.

*

இலக்கியம் பேசுகிற இடத்தில் பந்துக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் தம் அலமாரியிலிருந்து ஏதேனும் ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்து முதல் சில பக்கங்களைப் புரட்டிப் பார்க்கட்டும். கதைகளை முதலில் வெளியிட்ட இதழ்களுக்கு 'நன்றி' என்று ஒரு பட்டியல் இருக்கும். முந்நூறு பிரதிகள் அச்சடித்து, தபால் செலவுக்குக் கடன் வாங்கி நடத்தப்பட்டு, நான்காவது இதழோடு நின்றுபோன பத்திரிகையின் பெயரும் அதில் இருக்கும். தொகுப்பைப் பெரிய பதிப்பகம் வெளியிட்டாலும், எழுத்தாளர் விருதுகள் வாங்கினாலும் அந்தப் பட்டியல் நீக்கப்படுவதில்லை. மணிக்கொடியின் பெயரும் எழுத்துவின் பெயரும் இன்றளவும் பேசப்படுவதற்கு இந்தச் சிறிய நேர்மையும் ஒரு காரணம். எழுத்தாளரை யாரும் பூட்டி வைக்கவில்லை. அவர் எங்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்பதை அழிப்பதில்லை.

ஒரு முதல் வாசகரின் உழைப்பை இவ்வளவு மதிக்கத் தெரிந்த சமூகத்தில், ஒரு முதல் பயிற்சியாளரின் உழைப்பு மட்டும் ஏன் ஒரு கோடை விடுமுறையில் ஆவியாகிவிடுகிறது?

*

இது நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளை நடத்துகிறது. பதினான்கு, பதினேழு, பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். குறுவட்டத்தில் வென்றால் மாவட்டம், அதையும் தாண்டினால் மாநிலம் என்று ஏணி நீள்கிறது. குறுவட்டப் போட்டி என்பது பெரும்பாலும் கோடு மங்கிய ஒரு மைதானம், கடன் வாங்கிய ஒரு விசில், உச்சி வெயில். அங்கே மரத்தடியில் நின்று ஆட்டத்தைக் கவனிக்கிறவர்களில் தனியார் பள்ளிகளின் ஆட்களும் உண்டு. யார் இரண்டு காலாலும் உதைக்கிறாள், யார் எழுபதாவது நிமிடத்திலும் ஓடுகிறான் என்று அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஏப்ரல் மாதம் முடிந்ததும் வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிறது.

பேச்சு மிக இனிமையானது. கட்டணம் கிடையாது. சீருடை, காலணி, பேருந்து எல்லாம் பள்ளியின் பொறுப்பு. சில இடங்களில் விடுதியும் முட்டையும் பாலும் உண்டு. கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்வரும் பெற்றோருக்கு வேறென்ன வேண்டும்? ஆங்கில வழிப் பள்ளியில் தன் பிள்ளை படிக்கப்போகிறது என்பதே பெரிய செய்தி. தலையாட்டிவிடுகிறார்கள். இந்தப் பேச்சில் ஒரு வரிகூடத் தாளில் எழுதப்படுவதில்லை என்பதை அப்போது யாரும் கவனிப்பதில்லை.

மதுரையில் கால்பந்துக்குத் தாளே கிடையாது என்று சொல்லிவிடவும் முடியாது. இவ்வூரைச் சேர்ந்த சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. அந்த அணியில் பல மாநிலப் பெண்கள் ஆடினார்கள். அது ஒரு கிளப். ஆட்டக்காரர்கள் பதிவு செய்துகொண்டு வருகிறார்கள், ஆடுகிறார்கள், போகிறார்கள். யாருக்கும் மனவருத்தமில்லை. பெரியவர்களின் ஆட்டத்தில் உள்ள இந்த வெளிப்படைத்தன்மை பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விஷயத்தில் இல்லை. காரணம், பள்ளி மாற்றம் என்பது ஏட்டில் வெறும் 'கல்வி' மாற்றம். ஆட்டத்துக்காக வாங்கப்பட்ட பிள்ளை அதில் படிப்புக்காக வந்த பிள்ளையாக எழுதப்படுகிறது.

*

இதைப் பற்றி ஊரில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. இரண்டையும் நாம் ஏற்கவில்லை.

முதற்கட்சி துரோகம் என்கிறது. "வளர்த்துவிட்ட பள்ளியை விட்டுட்டுப் போறான்" என்று பிள்ளையைப் பழிக்கிறது. இக்கட்சியைச் சேர்ந்த சில தலைமையாசிரியர்கள் மாற்றுச் சான்றிதழைத் தாமதப்படுத்துவதையும், எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காமல் இழுத்தடிப்பதையும் ஒரு போராட்டமாகவே கருதுகிறார்கள். இது போராட்டமன்று; பிணை பிடித்தல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் ஐந்தாம் பிரிவில், தொடக்கக் கல்வி பயிலும் பிள்ளை வேறு பள்ளிக்கு மாற விரும்பினால் சான்றிதழை உடனே வழங்க வேண்டும் என்றும், தாமதிக்கும் தலைமையாசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார் என்றும் சொல்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியன்று என்று கறாராகத் தீர்ப்பளித்தது. கட்டணத்துக்கே அது கருவியாகக் கூடாதென்றால், கோப்பைக்கு எப்படி ஆகலாம்? பிள்ளை யாருடைய சொத்தும் அன்று. அரசுப் பள்ளியின் சொத்தும் அன்று. போக விரும்பும் பிள்ளை போகட்டும்.

இரண்டாம் கட்சி தர்மம் பேசுகிறது. "ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகப் படிப்பும் பயிற்சியும் கிடைக்கிறது. உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது?" கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. மதிய உணவோடு ஓடிய பிள்ளைக்கு முட்டை கிடைப்பதை எதிர்க்கிறவன் மனிதனே அல்லன். ஆனால் தர்மம் என்பது திரும்பப் பெறுவதற்கு நிபந்தனை விதிக்காதது. இங்கே நடப்பது அப்படியா?

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் அழைத்துப்போனார்கள். நடுக்கள ஆட்டக்காரி. ஓராண்டு முழுக்க அவள் படம் பதாகையில் இருந்தது. பத்தாம் வகுப்பில் முழங்கால் தசைநார் கிழிந்தது. முதல் மாதம் தலைமைப் பயிற்சியாளர் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரண்டாம் மாதம் யாரும் வரவில்லை. ஆண்டு முடிவில் ஒரு சீட்டு வந்தது. பதினோராம் வகுப்பில் தொடர்வதானால் கட்டணம் இவ்வளவு என்று அதில் எழுதியிருந்தது. சலுகையைத் தாளில் எழுதாதவர்கள் கட்டணத்தைத் தாளில் எழுதினார்கள். அவள் தான் கிளம்பிய அரசுப் பள்ளிக்கே திரும்பினாள்.

திரும்பியவள் அதே இடத்துக்குத் திரும்பவில்லை என்பதுதான் கதையின் கொடூரமான பகுதி.

*

அதைக் கணக்காகவே வைப்போம்; இதை எந்தப் பெற்றோரிடமும் எவரும் சொல்வதில்லை.

ஒன்று. 2020இல் தமிழக அரசு மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இன்னொரு சட்டத்தின் மூலம் அது விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. நிபந்தனை, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு ஆண்டுகள் தனியார் பள்ளிக்குப் போனவளுக்கு அந்தக் கதவு மூடிக்கொண்டது. ஒத்தக்கடையில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அவள் குழந்தைப் பருவம் முழுதும் பார்த்து வளர்ந்த மதில் அது. அதற்குள் போகும் வழிகளில் மிக அகலமான ஒன்றை ஒரு கோப்பைக்காக அவள் இழந்தாள். இழந்தது அவளுக்கே தெரியாது.

இரண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய். மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. 36,000 ரூபாய் சிறு தொகை என்று நினைப்பவர்கள், அதை இழந்த குடும்பத்தின் முற்றத்தில் ஒரு முறை போய் நிற்க வேண்டும்.

மூன்று. அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது; பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருந்தாக வேண்டும். ஆங்கில வழிப் பள்ளியில் கழித்த இரண்டு ஆண்டுகள் இந்தக் கணக்கையும் வெட்டிவிடுகின்றன.

விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் மருத்துவத்தில் அது கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய இடங்கள். மற்ற படிப்புகளிலும் மாநில, தேசியச் சான்றிதழ்களைக் குவித்தவர்களுக்குத்தான் அது. பதினைந்து வயதில் முழங்கால் போனவளுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

ஆக, தனியார் பள்ளி கொடுத்தது இரண்டு ஆண்டுக் கட்டணமும் ஒரு ஜோடிக் காலணியும். அதன் பெயரால் பிள்ளை விட்டுக்கொடுத்தது மூன்று கதவுகள். இதைத் தர்மம் என்று அழைப்பவர்கள் வேறு அகராதி வைத்திருக்க வேண்டும்.

*

தனியாரை மட்டும் திட்டிவிட்டு ஒதுங்கினால் அது சோம்பல். அந்த வண்டி வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே அரசு பிள்ளையைக் கைவிட்டிருந்தது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் 2012இல் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்கு. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. தொகை பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பணி நிரந்தரக் கோரிக்கையோடு அவர்கள் ஆட்சிகள் மாறியும் தெருவில் உட்கார்ந்தார்கள். எங்களோடு தேநீர் குடித்தவர் அவர்களில் ஒருவர். வாரத்தின் மற்ற நாட்களில் அவர் காலையிலும் மாலையிலும் சம்பளமில்லாமல்தான் பந்தோடு நிற்கிறார். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்ளும் பள்ளியில், வலை கட்டக் கம்பமில்லாத மைதானத்தில், ஒரு பிள்ளை மாவட்டம் வரை போவதே அதிசயம். அந்த அதிசயத்தைத் தக்கவைத்துக்கொள்ள அரசு ஒரு பந்துகூட அதிகம் தரவில்லை. பிறகு யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அழுவதில் என்ன பொருள்?

அரசின் விளையாட்டு விடுதிகளையும் இதில் சேர்த்தே பேச வேண்டும். 1992இல் உருவான தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தேர்வு நடத்திப் பிள்ளைகளை விடுதிகளில் சேர்க்கிறது. நல்ல காரியம். விடுதிக்குப் போகிற பிள்ளை அருகிலுள்ள பள்ளியில் சேர்ந்தாக வேண்டும். அந்தப் பள்ளி அரசுப் பள்ளியாக அல்லாமல் உதவிபெறும் பள்ளியாக அமைந்துவிட்டால், அரசே அழைத்துப்போன பிள்ளை அரசின் 7.5 விழுக்காட்டை இழக்கும். புதுமைப்பெண் திட்டம் 2024 இறுதியில் உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் விரிந்தது. உள்ஒதுக்கீட்டுச் சட்டம் விரியவில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை பறிக்கிறது.

*

இது நம் ஊரின் தனிச்சிக்கல் அன்று. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இந்த ஆள்பிடிப்பு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. (அங்கே கால்பந்து என்பது கையில் பிடித்துக்கொண்டு ஓடும் வேறோர் ஆட்டம் என்பது நிற்க.) டெக்சஸ் மாநிலத்தில் பள்ளி மாறிய ஆட்டக்காரர் பற்றி முந்தைய பள்ளி ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஆட்டத்துக்காகவே மாறியதாகத் தெரிந்தால் ஓராண்டு முதன்மை அணியில் இடமில்லை. கலிபோர்னியாவிலும் காத்திருப்புக் காலம் உண்டு. நம்மவர்களில் சிலர் இதை இங்கும் கொண்டுவரச் சொல்கிறார்கள். நாம் உடன்படவில்லை. அழைத்துப்போனது பெரியவர்கள், உட்கார வைக்கப்படுவது பிள்ளை. பதினைந்து வயதில் ஓராண்டு என்பது ஆட்டக்காரிக்கு ஓர் ஆயுளின் பகுதி.

கற்றுக்கொள்ள வேண்டியது உலகக் கால்பந்துச் சம்மேளனத்திடம். பல ஊழல்களுக்குப் பேர்போன அமைப்புதான். ஆனால் அதன் விதிப்புத்தகத்தில் ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. ஓர் ஆட்டக்காரர் பெரும் விலைக்கு இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5 விழுக்காடு, பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். கோடிகள் புரளும் சந்தையிலேயே ஒரு சேரிக் கிளப்புக்குக் கணக்கில் இடமிருக்கிறது. அவர்களுடைய நன்றிப் பக்கம் அது.

*

பள்ளியில் பணம் புரள வேண்டாம். நாம் கேட்பவை பணமில்லாதவை.

பிள்ளையின் சான்றிதழில், போட்டிப் பட்டியலில், பதாகையில், அவர் முதலில் பயின்ற பள்ளியின் பெயரும் அச்சாக வேண்டும். எமிஸில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த ஆண்டு எங்கே படித்தது என்பது பதிவாகியிருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் வரும் தகவல். துறைக்கு மனமிருந்தால் அடுத்த குறுவட்டப் போட்டியிலேயே செய்யலாம்.

விளையாட்டுக்காகச் சேர்க்கும் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணமில்லை என்று எழுதித் தர வேண்டும். காயம் பட்டாலும், அணியில் இடம் போனாலும், பிள்ளைக்கே ஆட்டம் அலுத்துப்போனாலும் அது செல்ல வேண்டும். எழுதித் தர மறுப்பவர்களின் நோக்கம் அந்த மறுப்பிலேயே தெரிந்துவிடும்.

விளையாட்டுக்காகப் பள்ளி மாறி அரசுப் பள்ளிக்கே திரும்பும் பிள்ளைக்கு உள்ஒதுக்கீட்டிலும் உதவித்தொகையிலும் விலக்கு வேண்டும். வசதி படைத்தவர்கள் கடைசி நேரத்தில் அரசுப் பள்ளியில் நுழைந்து ஒதுக்கீட்டைப் பறித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நிபந்தனை வந்தது. அது அரணாக நிற்கட்டும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை அரசுப் பள்ளியில் படித்து, ஆட்டத்தால் வெளியேறி, காயத்தால் திரும்பியவள் அந்த அரணுக்கு வெளியே நிறுத்தப்பட வேண்டியவள் அல்லள்.

இவை வரும்வரை ஒரு காரியத்தை நாமே செய்யலாம். ஏப்ரல் மாதத்தில், அந்த வண்டி வருவதற்கு முன்பு, தெரிந்த பெற்றோரிடம் போய் மேலே உள்ள மூன்று கணக்கையும் சொல்லலாம். போகாதே என்று சொல்வதற்காக அன்று. தெரிந்துகொண்டு போகட்டும் என்பதற்காக. எழுதி வாங்கிக்கொண்டு போகட்டும் என்பதற்காக.

அந்தப் பெண் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஆடுவதில்லை. மாலையில் பகுதிநேர ஆசிரியர் வராத நாட்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள்தான் விசில் ஊதுகிறாள் என்று அவர் சொன்னார். அவர்களில் ஒரு சிறுமி நன்றாக ஆடுகிறாளாம். இரண்டு காலாலும் உதைக்கிறாளாம். இன்னும் இரண்டு ஆண்டுகளில் குறுவட்டப் போட்டிக்குப் போவாள். மரத்தடியில் ஆட்கள் நிற்பார்கள்.